சாம்பலில் உட்கார்ந்தவர்கள்

கெலாதியா ராஜ்யம் என்றதும் கோட்டை கொத்தளம் என்று நினைத்துவிடாதீர்கள். பன்னிரண்டு கிராமம், ஓர் ஆறு, ரெண்டு கணவாய், அவ்வளவுதான். காலையில் ஒரு கோடியில் கிளம்பின கழுதை சாயங்காலம் மறுகோடியில் புல் மேயும். ராஜா எக்கெலாஸ் தன் ஆட்டுக்குத் தானே மயிர் கத்தரிப்பார். ராணி கிளேயா வீட்டுக்கு வேண்டிய பார்லி ரொட்டியைத் தானே சுடுவாள். ஆனாலும் ராஜ்யம் ராஜ்யம்தான். வருஷத்துக்கு ஒரு நாள், ஸீயஸ் சாமியின் ஓக் மரத்தடியில், 'சட்டப்படி ஆளுவேன்' என்று ராஜா சத்தியம் பண்ணுவார். 'சட்டப்படி ராஜ்யத்தைக் காப்போம்' என்று ஜனங்கள் சத்தியம் பண்ணுவார்கள். எங்கள் மலையில் அதைவிடப் பெரிய பேச்சு கிடையாது.

அந்தச் சட்டம் எதிலும் எழுதி வைத்ததில்லை. லகேத்தாஸ் என்ற கிழவரின் மண்டைக்குள் இருந்தது. அவரை 'நினைவர்' என்பார்கள். எந்த வழக்கானாலும் அவர் கண்ணை மூடிக்கொண்டு சொல்வதுதான் தீர்ப்பு. அதில் ஒரு சட்டம் மட்டும் நடக்கத் தெரிந்த குழந்தைக்குக்கூடத் தெரியும். ராஜா வீட்டு நடுக்கூடத்தில் எரியும் பெரிய அடுப்பின் சாம்பலில், ராஜாவின் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு ஆள் உட்கார்ந்துவிட்டால், அந்த ஆள் கேட்டதை இல்லையென்று சொல்ல ராஜாவுக்கே உரிமை இல்லை. கொலைகாரனானாலும் சரி, ஜென்ம விரோதியானாலும் சரி. ராஜா பிள்ளையை வாங்கி நெற்றியில் முத்தமிட்டு, 'எழுந்திரு, என் பிள்ளை உனக்காகக் கேட்டான்' என்று கையைப் பிடித்துத் தூக்கிவிட வேண்டும். தூக்கினால் தூக்கினதுதான்.

மெலின்னா அந்த வீட்டுச் செவிலி. புருஷன் ஆடு மேய்க்கப் போன இடத்தில் பனி சரிந்து செத்தபோது அவளுக்கு வயிற்றில் ஏழு மாசம். அவள் பிள்ளை லிக்கோன் பிறந்த அஞ்சாம் நாள் ராணிக்கும் பிள்ளை பிறந்தது. மெனோய்தாஸ் என்று பெயர் வைத்தார்கள். ராணிக்குப் பால் சுரக்கவில்லை. வலது பக்கம் ராஜகுமாரன், இடது பக்கம் சொந்தப் பிள்ளை என்று மெலின்னா ரெண்டு பேரையும் சேர்த்தே வளர்த்தாள். ஒருநாள் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போது லிக்கோனை 'என் ராஜா' என்று கொஞ்சிவிட்டாள். ராணி மாவுக் கையோடு வந்து நின்றாள்.

"ராஜான்னு கூப்பிடறதுக்கு இந்த வீட்டுல ஒரு பிள்ளைதான்டி இருக்கு. அது உன் இடது பக்கம் இல்ல."

"வாய் தவறி வந்துடுச்சும்மா."

"இன்னிக்கு வாய் தவறும், நாளைக்குக் கை தவறும். பாத்து நடந்துக்கோ."

அன்றிலிருந்து லிக்கோன் ராணிக்கு ஓநாய்க்குட்டி ஆகிவிட்டான். லிக்கோன் என்றாலே எங்கள் பேச்சில் ஓநாய்தான், சௌகரியமாகப் போயிற்று.

பிள்ளைகளுக்கு எட்டு மாசம் ஆகும்போது மந்தைகள் மலையிலிருந்து இறங்கும் காலம் வந்தது. மத்தியானம். ராஜா பட்டியில் கிடா பிரித்துக்கொண்டிருந்தார். ராணி கொல்லையில் ரொட்டி அடுப்புக்கு முன்னால் இருந்தாள். திடீரென்று நாய்கள் குரைத்தன. எங்கள் நாய்களைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை, கரடிக்கே பாதை விடாத ஜாதி. ஒருவன் வாசலுக்குள் வந்து விழுந்தான். கெண்டைக்கால் சதை தொங்கிக்கொண்டிருந்தது. கதவை மெலின்னா அடித்துச் சாத்தினாள்.

"தாயே, காப்பாத்து. பின்னாடி ஆளுங்க வராங்க. திருடன்னு நினைச்சுட்டாங்க. பிடிச்சாங்கன்னா என்னை மாசிடோனியா ராஜாகிட்ட குடுத்துடுவாங்க. அவன் என் தோலை உரிச்சுடுவான்."

"நீ என்னய்யா பண்ணித் தொலைச்ச?"

"ஒண்ணும் பண்ணல. அவன் குதிரை செத்துப்போச்சு. நான் குதிரை வைத்தியன்."

வெளியே தடிகளோடு இடையர்கள் வரும் சத்தம். மெலின்னாவுக்கு யோசிக்க நேரமில்லை. "அடுப்புச் சாம்பல்ல உக்காரு, உக்காருய்யா" என்று அவனைப் பிடித்துத் தள்ளினாள். மரத்தொட்டியில் ஆட்டுத்தோல் விரித்து ரெண்டு பிள்ளைகளும் ஒரே மாதிரி கம்பளித் துணி சுற்றிப் படுத்திருந்தார்கள். ராஜகுமாரனுக்கு ரெண்டு நாளாகக் காய்ச்சல். ரத்தமும் நடுக்கமுமாக இருந்த அந்நியன் கையில் அவனைக் கொடுத்து, கீழே போட்டுவிட்டால்? அடுப்பு அருகிலேயே எரிகிறது. ராணி கழுத்தைத் திருகிவிடுவாள். மெலின்னாவின் கை தானாகத் தன் பிள்ளைப் பக்கம் போயிற்று. ஆம்பளைகளுக்குக் குழந்தை முகமா தெரியப்போகிறது என்று நினைத்தாள். லிக்கோனைத் தூக்கி அவன் மடியில் வைத்தாள்.

அவள் நினைத்தபடியேதான் நடந்தது. ராஜா உள்ளே வந்தார், நினைவர் வந்தார், ஏழெட்டு இடையர்கள் வந்தார்கள். சாம்பலில் ஒருவன், மடியில் பிள்ளை, எல்லோரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பிள்ளை முகமெல்லாம் சாம்பல், ஒரே அழுகை. ராஜா பிள்ளையை வாங்கி நெற்றியில் முத்தமிட்டார்.

"எழுந்திரு. என் பிள்ளை உனக்காகக் கேட்டான்."

ராணி மாவைத் தட்டிக்கொண்டு உள்ளே வருவதற்குள் மெலின்னா பிள்ளையை வாங்கித் தொட்டியில் போட்டுத் துணியை மூடிவிட்டாள். ஒரு உயிரைக் காப்பாற்றிவிட்டோம் என்று அவளுக்கு உள்ளூரப் பெருமைகூட இருந்தது. அறியாதவள்.

வைத்தியன் பெயர் ஹெகியாஸ். அந்தக் குளிர்காலம் முழுக்க ராஜா வீட்டில் இருமிக்கொண்டு கிடந்தான். பாலாடைக்கட்டி புளிக்கிறது என்பான், பாய் குத்துகிறது என்பான். "உங்க ராஜ்யத்துல குதிரையே இல்லையே, கழுதைக்கா வைத்தியம் பாக்கறது?" என்று அலுத்துக்கொள்வான். "நொண்டிக் காலோட ஓடிவந்தவருக்கு நாக்கு மட்டும் நொண்டல பாருங்கண்ணே" என்பாள் மெலின்னா. அவன் சிரிப்பான், பிறகு இருமுவான். அவளைத் தங்கச்சி என்றுதான் கூப்பிட்டான். சாயங்காலமானால் மெனோய்தாஸைத் தூக்கி வைத்துக்கொள்வான். "இவன்தான் எனக்கு உயிர் குடுத்த சாமி" என்று அந்தப் பிஞ்சுக் காலைக் கண்ணில் ஒற்றிக்கொள்வான். லிக்கோன் பக்கத்தில் தவழ்ந்து போனால் காலால் ஓரமாகத் தள்ளிவிடுவான். மெலின்னாவுக்கு நாக்கு நுனி வரைக்கும் வரும், கடித்துக்கொள்வாள்.

பனி உருகிக் கணவாய் திறந்ததும் மாசிடோனியத் தூதன் வந்தான். பெயர் கொராகோஸ். நாற்பது குதிரைக்காரர்கள் கூட வந்தார்கள். பள்ளத்தாக்கு வாயில் ஒரு படையே கூடாரம் போட்டிருப்பதாக இடையர்கள் சொன்னார்கள். தூதன் சிரித்த முகம், நல்ல சாப்பாட்டுப் பிரியன். ராணி சுட்ட ரொட்டியில் நாலு தின்றுவிட்டு விஷயத்துக்கு வந்தான்.

"குதிரை வைத்தியனைக் குடுத்துடுங்க ராஜா. நாங்க போயிடறோம்."

"முடியாது. என் பிள்ளையை மடியில வெச்சு என் அடுப்புல உக்காந்தவன்."

"ஒரு குதிரைக்காரனுக்காகப் பன்னண்டு கிராமத்தையும் பணயம் வைக்கப் போறீங்களா?"

"அவனுக்காக இல்ல. சட்டத்துக்காக."

தூதன் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனான். மூன்றாம் நாள் கணவாய் ஓரத்துக் கிராமம் எரிந்தது. மெலின்னாவின் அக்கா நிக்கோ கட்டிக்கொண்டு போன ஊர் அது. அக்காவும் மூன்று பெண்களும் தானியக் குதிருக்குள் ஒளிந்திருந்தார்களாம், குதிரோடு போனார்கள். ஜனங்கள் ராஜா வாசலில் வந்து கத்தினார்கள். "ராஜாண்ணே, எவனோ ஒருத்தனுக்காக நாங்க சாகணுமா?" ராஜா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். நினைவர் கண்ணை மூடி, சட்டத்தில் வேறு வழி இல்லை என்றார். தூதன் மறுபடி வந்து கூடத்தில் உட்கார்ந்தான். நாளைக்கு ரெண்டாவது கிராமம் என்றான்.

வழி இருந்தது. மெலின்னாவின் வாய்க்குள் இருந்தது. மடியில் இருந்தது ராஜா பிள்ளை இல்லை என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும், அந்தச் சரணமே செல்லாது. வைத்தியனைக் கட்டிக் கொடுத்துவிடலாம், ஊர் பிழைக்கும். சொன்னால் அண்ணன் என்று கூப்பிட்டவனை அவளே கொன்ற மாதிரி. சொல்லாவிட்டால் நாளைக்கு இன்னொரு அக்கா, இன்னும் மூணு பெண்கள். மறுநாள் விடிந்ததும் நேரே ஹெகியாஸிடம் போனாள். அவன் ராஜகுமாரனுக்கு மரக்குதிரை செதுக்கிக்கொண்டிருந்தான்.

"அண்ணே, அன்னிக்கு உங்க மடியில நான் வெச்சது மெனோய்தாஸ் இல்ல. என் பிள்ளை."

அவன் அவளைப் பார்த்தான். தரையில் தவழ்ந்துகொண்டிருந்த லிக்கோனைப் பார்த்தான். உளி கையிலிருந்து நழுவியது.

"தப்பான சாமியையா இத்தனை நாள் கும்பிட்டேன்?" என்றான். பிறகு, "சொல்லப் போறியா தங்கச்சி?" என்றான்.

"ஊர் எரியுதேண்ணே. என்னால தாங்க முடியல."

அவன் அழுதான். மரக்குதிரையை லிக்கோன் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மெலின்னா லிக்கோனை இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்துக்குப் போனாள். ராஜா, ராணி, நினைவர், தூதன், கிராமத்துப் பெரியவர்கள் எல்லோரும் இருந்தார்கள்.

"ராஜா, என்னைக் கொன்னாலும் சரி. அன்னிக்கு அவன் மடியில இருந்தது உங்க பிள்ளை இல்ல. இவன்தான். என் பிள்ளை. நீங்க முத்தம் குடுத்ததும் இவனுக்குத்தான்."

ராணி பல்லைக் கடித்தாள். "கை தவறும்னு அன்னிக்கே சொன்னேனே!" பெரியவர்களில் ஒருவர், "அப்பாடா, அப்போ அவனைக் கட்டிக் குடுத்துடலாம்" என்று எழுந்தே விட்டார். நினைவர் கையை உயர்த்தினார். கண்ணை மூடிக்கொண்டு பேசினார்.

"நம்ம சட்டத்துல ஒருத்தன் பிள்ளை எப்படி அவன் பிள்ளையாறது? பெத்ததுனாலயா? இல்ல. அப்பன்காரன் அவனை அடுப்புக்கு முன்னால தூக்கி, முத்தம் குடுத்து, சாட்சி முன்னால 'என் பிள்ளை'ன்னு சொல்றதுனால. ராஜா அன்னிக்கு அதைத்தான் செஞ்சார். சாட்சி நான். அந்தப் பிள்ளை அன்னிலேருந்து ராஜா பிள்ளை. சரணம் செல்லும். வைத்தியனைத் தொட முடியாது."

மெலின்னா கிழவரையே பார்த்தாள். இது என்ன கூத்து? சொன்னதற்குப் பலன் இதுவா? பெரியவர்கள் ஆளாளுக்குக் கத்த ஆரம்பித்தார்கள். தூதன் மட்டும் தொடையில் தட்டிச் சிரித்தான்.

"பலே கிழவா! அப்போ ராஜாவுக்கு ரெண்டு பிள்ளை. குதிரைக்காரனை நீங்களே வெச்சுக்குங்க. எங்க அரசர்கிட்ட குதிரையும் இருக்கு, வைத்தியனும் இருக்கான். பிணையா ஒரு ராஜா பிள்ளையைக் குடுங்க. நீங்க ஒழுங்கா இருக்கற வரைக்கும் பிள்ளை எங்க அரண்மனையில ஒழுங்கா வளரும்."

ராணிதான் பேசினாள். "ரெண்டு இருக்குன்னு சட்டமே சொல்லுதே. ஒண்ணைக் குடுங்க."

எந்த ஒன்று என்று யாரும் கேட்கவில்லை.

"ஐயோ, இவன் என் பிள்ளை! நான் பெத்தேன்! நினைவரே, சொல்லுங்களேன், நான் பெத்தவ!"

"பெத்தது நீதாம்மா" என்றார் நினைவர். "சட்டத்துல நீ அவனுக்குச் செவிலி."

"அப்போ செவிலியா நானும் கூடப் போறேன்."

"என் பிள்ளைக்கு யார் பால் குடுக்கறது?" என்றாள் ராணி. "எங்க ஊர்லயும் பால் இருக்கு" என்றான் தூதன்.

அன்று மத்தியானமே கிளம்பிவிட்டார்கள். குதிரைக்காரன் ஒருவனின் மேலங்கிக்குள் லிக்கோனைச் சுற்றி வைத்தார்கள். அவனுக்கு அது வேடிக்கை, குதிரையின் பிடரியைப் பிடித்து இழுத்துச் சிரித்தான். கணவாய் வரைக்கும் மெலின்னா ஓடினாள். அதற்கு மேல் நாற்பது குதிரைகளின் புழுதிதான் இருந்தது. திரும்பி வந்தபோது மரக்குதிரை தொட்டிக்குள் கிடந்தது. அன்று சாயங்காலமும் ராஜகுமாரனுக்குப் பால் கொடுத்தாள். இடது பக்கம் கட்டிப்போய்க் காய்ச்சல் வந்தது.

ஹெகியாஸ் இன்னும் ரெண்டு குளிர்காலம்தான் இருந்தான். அவ்வளவு விலை கொடுத்த உயிர் ஒரு இருமலோடு போயிற்று. "தங்கச்சி, அன்னிக்கு நாய்ங்ககிட்டயே என்னை விட்டிருக்கலாம்" என்றான் கடைசியில். "அப்படிச் சொல்லாதீங்கண்ணே" என்றாள் அவள். ஆனால் எத்தனையோ நாள் அவளும் அதையே நினைத்திருக்கிறாள்.

நாலு வருஷம் போயிற்று. வருஷத்துக்கு ஒரு தடவை கம்பளி வியாபாரி யாராவது வந்தால் மெலின்னா போய் நிற்பாள். பிள்ளை நன்றாக இருக்கிறானாம், குதிரை ஏறுகிறானாம் என்று ஏதோ ஒன்று சொல்வார்கள். உண்மையோ பொய்யோ, அதை வைத்து ஒரு வருஷம் ஓட்டுவாள். அவன் வந்ததும் என்ன சொல்ல வேண்டும் என்று முடிவு பண்ணி வைத்திருந்தாள். 'நான்தான்டா உன் அம்மா.' அவ்வளவுதான். ஆடு கறக்கும்போதும் மாவு அரைக்கும்போதும் அதையே சொல்லிப் பார்ப்பாள்.

அஞ்சாவது வசந்தத்தில் கொராகோஸ் மறுபடி வந்தான். இந்தத் தடவை ரொட்டி தின்னவில்லை. மாசிடோனிய அரசன் மலை ராஜ்யங்களையெல்லாம் தன் நாட்டோடு சேர்த்துக்கொள்ளப் போகிறானாம். எக்கெலாஸ் கிரீடம் மாதிரி தலையில் கட்டியிருக்கும் ராஜப்பட்டியை அவிழ்த்துக் கொடுக்க வேண்டும். இளவட்டங்கள் அவன் படைக்குப் போக வேண்டும். "முடியாதுன்னா முதல் ஈட்டி தூக்கற அன்னிக்கே பிணை செத்துப்போகும்" என்று சொல்லிவிட்டு, பதிலுக்கு ஒரு நாள் தவணை கொடுத்துக் கணவாயில் போய் உட்கார்ந்தான்.

பெரியவர்கள் கூடத்தில் கூடினார்கள். பக்கத்து மலை ராஜாக்கள் மூன்று பேர் சண்டைக்குத் தயார் என்று ஆள் அனுப்பியிருந்தார்கள். எல்லோருக்கும் ரத்தம் சூடேறியிருந்தது. மெலின்னா கிண்ணங்களில் மது ஊற்றிக்கொண்டு ஓரமாக வந்தாள்.

"சண்டைதான்" என்றார் ராஜா. "எங்க அப்பன் பாட்டன் கட்டின பட்டி. அவுக்க மாட்டேன்."

"அப்போ அந்தப் பிணை?" என்று ஒரு பெரியவர் இழுத்தார்.

ராணி சிரித்தே விட்டாள். "எந்தப் பிணை? நம்ம பிள்ளை கொல்லையில விளையாடிட்டிருக்கான்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. ராஜாகூட. அவர் கிண்ணத்தை நீட்டினார், மெலின்னா ஊற்றினாள். கொடுக்கும்போது ராஜா பிள்ளை. சாகும்போது மட்டும் செவிலி பிள்ளை. அடப் பாவிகளா என்று மனசுக்குள் சொன்னாள். குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனாள்.

மெனோய்தாஸ் ஒரு நாய்க்குட்டியின் வாலைப் பிடித்துக்கொண்டு நின்றான். அஞ்சரை வயசு, நல்ல கனம். அவனை வாரித் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு கூடத்துக்குள் வந்தாள். பெரியவர்களின் கால்களைத் தாண்டி நேரே அடுப்புக்குப் போய்ச் சாம்பலில் உட்கார்ந்தாள். பையனை மடியில் இருத்தி ரெண்டு கையாலும் கட்டிக்கொண்டாள்.

"மெலின்னா, சுடுது. எதுக்கு இங்க உக்காந்திருக்க?" என்றான் பையன்.

"கொஞ்ச நேரம்டா கண்ணு. அசையாம இரு."

பேச்சு நின்றுபோயிற்று. நினைவர் லகேத்தாஸுக்கு இப்போது கண் தெரியாது. என்ன சத்தம், ஏன் எல்லோரும் சும்மா இருக்கிறீர்கள் என்று கேட்டார். யாரோ காதில் சொன்னார்கள்.

"மடியில யார் பிள்ளைம்மா?" என்றார் கிழவர்.

"இந்தத் தடவை சரியான பிள்ளைதான் பெரியவரே. தொட்டுப் பாருங்க."

ராணி பாய்ந்து வந்தாள். "விடுடி என் பிள்ளையை!" என்று கையைப் பிடித்து இழுத்தாள். "சாம்பல்ல உக்காந்தவளைத் தொடாதே" என்று நினைவர் போட்ட சத்தத்தில் அவள் கை தானாக விலகியது.

ராஜா எழுந்து அடுப்புக்கு முன்னால் வந்து நின்றார். "நீ என்ன கேக்கறேன்னு தெரிஞ்சுதான் கேக்கறியா மெலின்னா?"

"தெரியும் ராஜா. ராஜ்யத்தைக் கேக்கறேன்."

"பன்னண்டு கிராமம். முன்னூறு வருஷம்."

"ஆமாம். அதைக் குடுத்துட்டு என் பிள்ளையை வாங்கிக் குடுங்க. நீங்க முத்தம் குடுத்த பிள்ளை. எனக்கு ராஜ்யமும் வேண்டாம், சட்டமும் வேண்டாம். ஆனா அந்தச் சட்டத்தைத்தானே எல்லாரும் கட்டி அழறீங்க? இந்தாங்க, சட்டப்படி உக்காந்திருக்கேன். முடியாதுன்னு சொல்லுங்க பாக்கலாம்."

பெரியவர்களில் ஒருவர் கத்தியைக்கூட உருவினார். இன்னொருவர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். ராஜா திரும்பி நினைவரைப் பார்த்தார், ஏதாவது ஒரு பொந்து இருக்காதா என்று. கிழவர் இல்லை என்று தலையை ஆட்டினார். பையனுக்குப் பயம் பிடித்து அழ ஆரம்பித்தான். ராஜா குனிந்து அவனை வாங்கி நெற்றியில் முத்தமிட்டார். எத்தனை நேரம் என்று யாருக்கும் தெரியாது, அப்படியே பிள்ளையின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நின்றார்.

"எழுந்திரு" என்றார். "என் பிள்ளை உனக்காகக் கேட்டான்."

கெலாதியா ராஜ்யம் முடிந்தது இப்படித்தான். ராஜப்பட்டியைத் தூதன் சேணப் பையில் போட்டுக்கொண்டான். அந்த வருஷம் ஓக் மரத்தடியில் யாரும் சத்தியம் பண்ணவில்லை. நூற்று நாற்பது இளவட்டங்கள் படைக்குப் போனார்கள், பாதிப் பேர் எந்த நாட்டில் செத்தார்கள் என்றுகூடத் தகவல் இல்லை. அவர்களைப் பெற்றவர்கள் மெலின்னாவை ஆற்றங்கரையில் பார்த்தால், அவள் கண் பட்ட தண்ணீர் ஆகாது என்று குடத்தைக் கவிழ்த்துவிட்டுப் போனார்கள். 'ராஜ்யத்தை முழுங்கினவ' என்று அவளுக்குப் பெயர் வைத்தார்கள். சண்டைக்குப் போன மூன்று பக்கத்து ராஜ்யங்களும் அந்தக் கோடையிலேயே கரியாகிப் போயின. நாமும் போயிருந்தால் இந்தப் பன்னிரண்டு கிராமமும் போயிருக்கும் என்று எங்கள் ஊரில் ஒருத்தர் அவளிடம் சொன்னதில்லை.

அறுவடை சமயத்தில் பிள்ளை வந்தான். தனிக் குதிரையில், உயரமான தோல் செருப்பும் அகலத் தொப்பியுமாக, நிமிர்ந்து உட்கார்ந்து வந்தான். கூட ரெண்டு மாசிடோனியக் காவலர்கள். மெலின்னா விடிந்ததிலிருந்து வாசலிலேயே நின்றாள். கையில் தேன் தடவின ரொட்டி. மடியில் மரக்குதிரை இருந்தது, நிஜக்குதிரையைப் பார்த்ததும் அதை உள்ளே தள்ளி மறைத்துக்கொண்டாள். மூக்கு அவள் புருஷன் மூக்கு. காதுகூட அப்படியே.

அவன் இறங்கினான். அவளைத் தாண்டிப் போனான். வேலிப் படலுக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த எக்கெலாஸ் முன்னால் போய் நின்று, சொல்லிக்கொடுத்த மாதிரி தலையைக் குனிந்தான்.

"அப்பா, வந்துட்டேன்."

எக்கெலாஸ் நிமிர்ந்து பார்த்தார். வெறும் தலை, நெற்றியில் பட்டி இருந்த இடம் மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. அவர் பிள்ளையைப் பார்த்தார், அப்புறம் மெலின்னாவைப் பார்த்தார். "வா" என்றார். "அங்க நிக்கறாளே, அவதான்..."

"தெரியும். எங்க செவிலி. அங்க சொன்னாங்க." பையன் வந்து வாசல் கல்லில் உட்கார்ந்தான். களைத்துப்போயிருந்தான். அவளைப் பார்த்துக் காலை நீட்டினான். "செவிலி, வாரை அவுத்து விடு. கடிக்குது."

நான்தான்டா உன் அம்மா. நாலு வருஷமாகச் சொல்லிப் பார்த்த வார்த்தை வாய் வரைக்கும் வந்தது. காவலர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவன் ராஜா பிள்ளை இல்லை என்று ஆகிவிட்டால் இவர்கள் என்ன செய்வார்கள் என்று அவளுக்குத் தெரியாது. ஒரு தடவை உண்மையைச் சொல்லித்தான் இவனை இழந்தாள். மண்டியிட்டு வாரை அவிழ்த்தாள். குதிகாலில் கொப்புளம் உடைந்திருந்தது. முந்தானையை எச்சிலில் நனைத்து ஒற்றினாள், அவன் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தான்.

"உன் பேர் என்ன?"

"மெலின்னா."

"மெலின்னா, பசிக்குது. அந்த ரொட்டி எனக்கா?"

அவள் அந்தக் காலைக் கையில் பிடித்தபடியே நிமிர்ந்தாள். கண்ணீர் கடகடவென்று இறங்கியது. ரொட்டி அடுப்பிலிருந்து ராணி பார்த்துக்கொண்டிருந்தாள். பார்த்தால் பார்க்கட்டும்.

"உனக்குத்தான் ராஜா" என்றாள்.

"இனிமே இங்க ராஜாவே கிடையாதாம்" என்றான் பையன், ரொட்டியைக் கடித்துக்கொண்டே. "காவலர் சொன்னார்."

"ஆமாம் ராஜா" என்றாள் மெலின்னா. "சாப்பிடு."